மருத்துவர், செவிலியரின் பணிச்சோர்வு: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

இரவு 2 மணிக்குக் காய்ச்சலுடன் தூக்கி வரப்படும் குழந்தை, வரப்பில் பாம்பு கடித்து வரும் உழவர், விடிந்ததும் நீரிழிவு மாத்திரைக்காக வரிசையில் நிற்கும் முதியவர் என மருத்துவமனைக்கு வருவோர் பலர். அவர்களைக் கவனிக்கும் மருத்துவரும் செவிலியரும் சிலரே. அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வாழ்வோர் இதனை நேரில் அறிவர். ஆயினும் அந்தச் சிலரின் உடலும் மனமும் எந்நிலையில் உள்ளன என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மருத்துவப் பணியாளரின் பணிச்சோர்வு அவர்களுடைய சொந்தத் துன்பம் மட்டுமன்று. அது உங்கள் மருந்துச் சீட்டு வரை, உங்கள் உறவினரின் படுக்கை வரை வரக்கூடியது. பணிச்சோர்வு என்றால் என்ன, அது ஏன் ஏற்படுகிறது, உங்கள் சிகிச்சை பாதுகாப்பாக அமைய நீங்கள் என்ன செய்யலாம் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• பணிச்சோர்வு என்பது சோம்பலோ அன்பின்மையோ அன்று. நீண்ட கால வேலைப்பளுவின் விளைவு.
• உறக்கமின்மை எவருடைய கவனத்தையும் குறைக்கும். மருத்துவரும் இதற்கு விதிவிலக்கல்லர்.
• உங்கள் மருந்துகள், ஒவ்வாமை, நோன்பு, கர்ப்பம் ஆகியவற்றைக் கேட்காமலேயே கூறுவது பிழைகளைத் தவிர்க்கும் எளிய வழியாகும்.
• ஐயம் இருப்பின் கேட்பது உங்கள் உரிமை. அச்சுறுத்துவது எவருடைய உரிமையும் அன்று.
• வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவருக்கும் இதே சோர்வு ஏற்படலாம்.

பணிச்சோர்வு என்பது யாது?

ஆங்கிலத்தில் ‘பர்ன் அவுட்’ எனப்படும் நிலையே தமிழில் பணிச்சோர்வு எனப்படுகிறது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் பணியாற்றிய தன்னார்வலர்களிடம் கண்ட நிலையை இச்சொல்லால் விவரித்தார். மிகுந்த ஈடுபாட்டுடன் பணிக்கு வந்தவர்களே சில மாதங்களில் சோர்ந்து, சலித்து, எரிச்சலுற்றதை அவர் கண்டார். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகிய இரு ஆய்வாளர்கள் இதனை அளவிடுவதற்கான வினாப்பட்டியலை வெளியிட்டனர். அது இன்றும் பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது.

உலக சுகாதார அமைப்பு தனது நோய் வகைப்பாட்டின் 11ஆம் திருத்தத்தில் பணிச்சோர்வைச் சேர்த்துள்ளது. அத்திருத்தம் 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பணிச்சோர்வு ஒரு நோயாகக் குறிப்பிடப்படவில்லை. பணி சார்ந்த ஒரு நிலையாகவே குறிப்பிடப்பட்டுள்ளது. பணியிடத்தில் தொடர்ந்து நிலவும் மன அழுத்தம் முறையாகக் கையாளப்படாதபோது இந்நிலை உருவாகிறது. இதற்கு மூன்று கூறுகள் உண்டு.

1. ஆற்றல் வற்றிப்போதல்: ஓய்வெடுத்த பின்னும் தீராத களைப்பு.
2. பணியிலிருந்து மனம் விலகுதல்: நோயாளியை ஒரு மனிதராக அல்லாமல் ஒரு படுக்கை எண்ணாகக் காணும் நிலை, எரிச்சல், எதிலும் நம்பிக்கையின்மை.
3. தன் பணித்திறன் குறைந்துவிட்டதாக உணர்தல்: ‘நான் செய்வதால் எவருக்கும் பயனில்லை’ என்ற எண்ணம்.

இவற்றுள் இரண்டாவது கூறே உங்கள் கண்ணில் முதலில் படுவது. முகம் பார்க்காமல் பேசுதல், கேள்வியை முடிக்குமுன் பதில் கூறுதல், சிறு காரியத்துக்கும் சினத்தல் ஆகியன பல வேளைகளில் இதன் வெளிப்பாடுகளாக இருக்கக்கூடும்.

களைப்பு, பணிச்சோர்வு, மனச்சோர்வு ஆகியவற்றின் வேறுபாடு

களைப்பு ஓரிரு நாள் நன்கு உறங்கினால் தீரும். பணிச்சோர்வு விடுமுறைக்குப் பின்னும் பணிக்குத் திரும்பியவுடன் மீண்டும் தலைதூக்கும். மனச்சோர்வு நோய் பணியிடத்தோடு நிற்பதில்லை. குடும்பம், உணவு, உறக்கம், பொழுதுபோக்கு என வாழ்வின் எல்லாப் பகுதிகளிலும் பரவும். இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ நீடித்தால் மனநல மருத்துவரை அணுக வேண்டும். நீண்ட நாள் கவனிக்கப்படாத பணிச்சோர்வு மனச்சோர்வு நோயோடு சேர்ந்து காணப்படுவதும் உண்டு.

ஏன் ஏற்படுகிறது?

பணிச்சோர்வுக்குத் தனிமனிதரின் மன உறுதிக் குறைவு காரணமன்று. ஆய்வாளர்கள் பணியிடம் சார்ந்த ஆறு காரணங்களைக் குறிப்பிடுகின்றனர்: மிகையான வேலை, தன் பணிமீது தனக்குக் கட்டுப்பாடின்மை, உழைப்புக்கேற்ற மதிப்பின்மை, சக பணியாளரின் ஆதரவின்மை, நியாயமின்மை, சரியென நம்புவதைச் செய்ய இயலாத நிலை. மருத்துவமனைப் பணியில் இவற்றுள் பல ஒன்றாகச் சேர்கின்றன.

வேலைப்பளுவை முதலில் காண்போம். முதல்நிலை மருத்துவப் பரிசோதனைக்குச் செலவிடப்படும் நேரத்தைப் பல நாடுகளில் ஒப்பிட்டு 2017இல் ‘பிஎம்ஜே ஓப்பன்’ இதழில் வெளியான ஆய்வின்படி, ஸ்வீடனில் அது சராசரியாக 22 நிமிடங்களுக்கும் மேல். இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடங்கள். அந்த 2 நிமிடங்களில் கேட்டு, தொட்டுப் பார்த்து, எழுதி, விளக்கி முடித்து அடுத்தவரை அழைக்க வேண்டும். பொது மருத்துவமனைகளில் 5 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறை. நோயாளிகள் பெருகும் நாட்களில் இவ்விகிதத்தைப் பேணுவது கடினம்.

காவிரிப் படுகையில் இவ்வேலைப்பளு பருவத்தோடு ஏறி இறங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காய்ச்சல் நோயாளிகள் பெருகுவர். நடவு, அறுவடை நாட்களில் பாம்புக்கடியும் பூச்சிக்கொல்லி நஞ்சும் வரும். பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடங்கள் அசைக்காமல் வைத்து, உறைகிறதா எனப் பார்க்க வேண்டும். நஞ்சுமுறி மருந்து ஏறத் தொடங்கியவுடன் ஒவ்வாமை ஏற்படுகிறதா என அருகிலிருந்தே கவனிக்க வேண்டும். ஒரு செவிலியர் அப்படுக்கையை விட்டு அகல இயலாத அந்நேரத்தில் மற்றப் படுக்கைகளிலிருந்தும் அழைப்பு வரும். ‘கூப்பிட்டும் வரவில்லை’ என நீங்கள் நினைக்கும் அந்த நேரத்தில் திரைக்கு அப்பால் இத்தகைய பணி நடந்துகொண்டிருக்கலாம்.

பேரிடர்க் காலத்தில் சுமை இரட்டிப்பாகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் பகுதிகளில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன; பல இடங்களில் மின்சாரம் நெடுநாள் வரவில்லை. இத்தகைய நாட்களில் காயமுற்றோருக்குக் கட்டுப்போடும் பணியாளரின் வீடும் அதே புயலின் பாதையில்தான் இருந்திருக்கும். 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்தில் பாதுகாப்பு உடையை அணிந்த பணியாளர்கள் நீர் அருந்தாமலும் கழிவறைக்குச் செல்லாமலும் பல மணி நேரம் பணிபுரிந்தனர். வீட்டாருக்குத் தொற்றிவிடுமோ என்ற அச்சமும் அவர்களுடன் சென்றது.

அறிவுரை கூறுவோரின் வாழ்க்கைமுறை

‘வேளைக்கு உண்ணுங்கள், 7 மணி நேரம் உறங்குங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள்’ என அறிவுறுத்தும் மருத்துவரும் செவிலியரும் அவற்றைத் தாமே பின்பற்ற இயலாமல் இருப்பது உண்டு. இதற்குக் காரணம் அறியாமை அன்று, சுழற்சிப் பணி.

நமது உடலில் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் இயங்கும் ஓர் உட்கடிகாரம் உள்ளது. இருட்டில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரக்கிறது. இரவில் இன்சுலினின் செயல்திறன் குறைகிறது. எனவே பகலில் உண்ணும் அதே உணவை நள்ளிரவில் உண்டால் இரத்தச் சர்க்கரை கூடுதலாக உயரும். இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குவோரின் உறக்கம் ஒளி, ஓசை, வீட்டு வேலை ஆகியவற்றால் குறைந்து துண்டாகிறது. ஆண்டுக்கணக்கில் சுழற்சிப் பணி புரிவோருக்கு உடற்பருமன், இரண்டாம் வகை நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றின் வாய்ப்பு கூடுதல் எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மீண்டும் 2019இலும் இரவுப்பணியைப் ‘புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புள்ளவை’ என்ற பிரிவில் வைத்துள்ளது.

இவற்றோடு சில பழக்கங்களும் சேர்கின்றன. உணவு இடைவேளை கிடைக்காதபோது தேநீரும் பிஸ்கட்டும் வடையும் உணவாகின்றன. கழிவறைக்குச் செல்ல நேரமின்றி நீர் அருந்துவதைக் குறைப்பதால் சிறுநீர்த் தொற்று ஏற்படுகிறது. நோயாளிகளைத் தூக்கித் திருப்புவதால் செவிலியருக்கு முதுகுவலியும், நெடுநேரம் நிற்பதால் காலில் நரம்புச் சுருட்டலும் உண்டாகின்றன. தமக்கு வரும் நோய்க்குத் தாமே மருந்து எடுத்துக்கொள்வதும், பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் மருத்துவத் துறையினரிடம் காணப்படும் பழக்கங்களே. சிலர் புகை, மது ஆகியவற்றை நாடுவதும் உண்டு.

இச்செய்தி உங்களுக்கும் உரியது. இரவில் கடலுக்குச் செல்லும் மீனவரும், விடியுமுன் உப்பளத்தில் இறங்கும் தொழிலாளரும், இரவுக் காவல் புரிவோரும் இதே உட்கடிகாரத்தை எதிர்த்தே உழைக்கின்றனர். இரவுப்பணி புரியும் எவருக்கும் பின்வருவன உதவும்.

• பணிக்குச் செல்லுமுன் 20 முதல் 30 நிமிடங்கள் வரை உறங்கி எழுதல்.
• நள்ளிரவில் வயிறு நிறைய உண்பதைத் தவிர்த்து, பணிக்கு முன்பே உணவை முடித்தல். இடையில் சுண்டல், பழம், மோர் போன்றவற்றைச் சிறிதளவு உண்ணுதல்.
• உறங்கச் செல்வதற்கு 6 மணி நேரத்துக்கு முன்பே தேநீர், காபி அருந்துவதை நிறுத்துதல்.
• பகலில் உறங்கும் அறையை இருட்டாக்குதல். அந்நேரத்தில் கைபேசியை அணைத்து வைத்தல்.
• வாரத்துக்கு 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு. ஒரே மூச்சில் செய்ய இயலாவிடில் 10 நிமிடங்களாகப் பிரித்தும் செய்யலாம்.
• ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்தல்.

உங்கள் சிகிச்சையை இது எவ்வாறு பாதிக்கும்?

1997இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் செயல்திறனுக்கு ஒப்பாகக் குறைவதைக் காட்டியது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 விழுக்காட்டுக்கு ஒப்பாகும். 2004இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட தொடர் பணி புரிந்த பயிற்சி மருத்துவர்கள், குறைந்த நேரப் பணியில் இருந்தபோது செய்ததைவிட ஏறத்தாழ 36 விழுக்காடு கூடுதலாகக் கடும் பிழைகளைச் செய்தனர். அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், செவிலியரின் பணி 12.5 மணி நேரத்தைத் தாண்டும்போது பிழை நேரும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்கானது.

இப்பிழைகள் பெரும்பாலும் அறிவுக் குறைவால் நேர்பவை அல்ல. ஒத்த ஒலியுடைய இரு மருந்துகளின் பெயர் மாறுதல், ஒரே பெயருடைய இரு நோயாளிகளின் சீட்டு மாறுதல், ஒவ்வாமையைக் கேட்க மறத்தல், பணிமாற்றத்தின்போது ஒரு செய்தி விடுபடுதல் போன்றவையே மிகுதி. இத்தகைய இடைவெளிகளை அடைக்க நோயாளியும் உடனிருப்போரும் உதவ இயலும்.

இதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 1984இல் நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றில் லிபி ஜயான் என்ற 18 வயதுப் பெண் இறந்தார். அவர் ஏற்கெனவே உட்கொண்டுவந்த மனச்சோர்வு மருந்துக்கும் மருத்துவமனையில் அளிக்கப்பட்ட வலிநிவாரணிக்கும் இடையே ஏற்பட்ட எதிர்வினை காரணமாக இருக்கலாம் எனப் பின்னர் கருதப்பட்டது. அவரைக் கவனித்த பயிற்சி மருத்துவர்கள் நெடுநேரப் பணியில் இருந்தனர். அதே நேரத்தில் வேறு பல நோயாளிகளையும் கவனித்து வந்தனர். அப்பெண்ணின் தந்தை தொடர்ந்து எழுப்பிய குரலின் பயனாக, 1989இல் அம்மாநிலம் பயிற்சி மருத்துவரின் பணியை வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம் என வரையறுத்தது. மருத்துவரின் ஓய்வுக்காக முதலில் வாதாடியவர்களுள் ஒருவர் மகளை இழந்த தந்தை என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

நீங்கள் செய்யக்கூடியவை

புறநோயாளிகள் பிரிவில்:

• தற்போது உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். சித்த மருந்து, நாட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை ஆகியவையும் இதில் அடங்கும்.
• முதன்மையான தொல்லையை முதலில் கூறுங்கள். ‘மூன்று நாளாகக் காய்ச்சல், நேற்று முதல் வாந்தி’ என்பது போல நாள் கணக்குடன் கூறினால் 2 நிமிடங்களும் பயன்படும்.
• மருந்து ஒவ்வாமை, சிறுநீரக நோய், கர்ப்பம், தாய்ப்பால் ஊட்டுதல் ஆகியவற்றைக் கேட்காவிடினும் கூறுங்கள்.
• நீங்கள் நீரிழிவு நோயாளியாக இருந்து ரமலான் நோன்பு நோற்பவராயின், அல்லது வேறு விரதம் இருப்பவராயின், அதனை முன்கூட்டியே தெரிவியுங்கள். இன்சுலினையும் சில மாத்திரைகளையும் வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டு உண்ணாதிருந்தால் சர்க்கரை அபாய அளவுக்குத் தாழலாம். சஹர், இஃப்தார் வேளைகளுக்கேற்ப மருந்தின் அளவை மருத்துவர் மாற்றி அமைப்பார். நீங்களாகவே மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.
• புறப்படுமுன், ‘காலையில் ஒன்று, இரவில் ஒன்று, உணவுக்குப் பின், சரிதானே?’ என நீங்கள் புரிந்துகொண்டதைத் திரும்பக் கூறுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தப்படும்.

உள்நோயாளியாக இருக்கும்போது:

• ஊசியோ மருந்தோ அளிக்குமுன் நோயாளியின் முழுப்பெயரை நீங்களே கூறுங்கள். ஒரே பெயருடையோர் பலர் இருக்கக்கூடிய ஊர்களில் தந்தை பெயரையும் வயதையும் சேர்த்துக் கூறுவது நல்லது.
• ‘இது எதற்கான மருந்து?’ என்று அமைதியாகக் கேளுங்கள். இக்கேள்வி செவிலியருக்கும் ஒருமுறை சரிபார்க்கும் வாய்ப்பை அளிக்கிறது.
• ஒரு சிறு குறிப்பேட்டில் காய்ச்சல் அளவு, சிறுநீர் கழித்த வேளை, உண்ட உணவு, மாத்திரை கொடுத்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.
• குடும்பத்தில் ஒருவரே மருத்துவரிடம் விவரம் கேட்டு மற்றவர்களுக்குத் தெரிவிக்கட்டும். ஐவர் ஐந்து முறை கேட்டால் ஐந்து நோயாளிகளுக்கான நேரம் செலவாகும்.
• மூச்சுத்திணறல், நினைவு மங்குதல், இரத்தப்போக்கு, வலிப்பு, மருந்து ஏறும்போது தடிப்பு அல்லது நடுக்கம் ஆகியவற்றைக் கண்டால் தயங்காமல் உடனே அழையுங்கள். செவிலியர் வேறு பணியில் உள்ளார் என்று காத்திருக்க வேண்டாம்.

வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்படும்போது:

அதிராம்பட்டினத்திலிருந்து பட்டுக்கோட்டை அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் செல்ல நேரும் நோயாளிகள் உண்டு. ஒவ்வோர் இடமாற்றத்திலும் செய்தி விடுபடும் வாய்ப்பு உள்ளது. பரிந்துரைச் சீட்டு, ஏற்கெனவே கொடுத்த மருந்துகளின் விவரம், அவற்றைக் கொடுத்த நேரம், பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். சென்று சேர்ந்தவுடன் அவற்றை நேரடியாகப் பணி மருத்துவரிடம் காட்டுங்கள்.

வன்முறையும் வசையும் சிகிச்சையைக் கெடுக்கும்

துயரத்தில் சினம் எழுவது இயல்பு. ஆனால் அது கையாக ஓங்கப்படும்போது அந்த வார்டிலுள்ள அனைவரின் சிகிச்சையும் தடைபடுகிறது. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் பணியிலிருந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். நோயாளி ஒருவரின் மகன் கைது செய்யப்பட்டார். அச்சத்தோடு பணிபுரிவோர் ஆபத்தான நோயாளியை ஏற்கத் தயங்கும் நிலை உருவாகும். அதனால் இழப்பு நேருவது அடுத்து வரும் நோயாளிக்கே. மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையையும் மருத்துவமனைச் சொத்துக்குச் சேதம் விளைவிப்பதையும் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டுள்ளது. இச்செயல்கள் அச்சட்டத்தின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள்.

அதே வேளையில், பணியாளர் சோர்ந்துள்ளார் என்பதற்காக நீங்கள் அவமதிப்பையோ கவனக்குறைவையோ பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முறையிடும் வழிகள் உள்ளன. முதலில் பணியிலுள்ள மருத்துவரிடமோ செவிலியர் கண்காணிப்பாளரிடமோ தெரிவியுங்கள். தீர்வு கிடைக்காவிடில் மருத்துவமனையின் தலைமை மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் அளியுங்கள். 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் புகார் அளிக்கலாம். நாள், நேரம், நடந்தது ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். ‘இரவில் இரு வார்டுகளுக்கும் ஒரே செவிலியர் இருந்தார்’ என்பது போன்ற விவரமும் பயனுடையது. குறை ஒருவரிடத்திலா, ஏற்பாட்டிலா என்பதை அது காட்டும்.

மேற்கொள்ளப்பட்டுள்ள முயற்சிகள்

பயிற்சி மருத்துவரின் தொடர் பணி பொதுவாக 12 மணி நேரத்தையும், வாரப் பணி 48 மணி நேரத்தையும் தாண்டலாகாது என்று மத்திய அரசு 1992லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் வாரத்துக்கு 74 மணி நேரம் என்ற உச்சவரம்பையும், வார விடுமுறையையும் பரிந்துரைத்தது. இவ்விரு எண்களுக்கும் இடையிலான தொலைவே, எழுதப்பட்ட விதிக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியைக் காட்டுகிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், நீண்ட பணிக்கிடையே கருத்தரங்கக் கூடத்தில் ஓய்வெடுத்த பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டார். அதன்பின் உச்ச நீதிமன்றம் மருத்துவப் பணியாளரின் பாதுகாப்பு, ஓய்வறை வசதி ஆகியவற்றை ஆராயத் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. தமிழ்நாட்டில் 2022இல், கல்லூரி மாணவரின் மனநலத்துக்காக ‘மனம்’ என்னும் மனநல நல்லாதரவு மன்றத் திட்டமும், 14416 என்ற எண்ணில் ‘நட்புடன் உங்களோடு’ மனநலச் சேவையும் தொடங்கப்பட்டன.

வீட்டில் பராமரிப்பவரின் சோர்வு

பக்கவாதம், புற்றுநோய், மறதிநோய் ஆகியவற்றால் படுத்திருப்பவரை வீட்டில் கவனிப்பவருக்கும் இதே மூன்று கூறுகளும் தோன்றலாம். அதிராம்பட்டினத்திலும் சுற்று ஊர்களிலும் ஆண்கள் வளைகுடா நாடுகளிலோ மலேசியா, சிங்கப்பூரிலோ பணிபுரிய, மாமியாரையும் குழந்தைகளையும் ஒரே பெண் கவனிக்கும் இல்லங்கள் பல. அவருக்குப் பணிமாற்றம் இல்லை. வார விடுமுறையும் இல்லை. நோயாளியின் மீது எரிச்சல் வருவதும், பின்னர் அதற்காகக் குற்றவுணர்வு கொள்வதும் அன்பின்மையின் அடையாளங்கள் அல்ல. சோர்வின் அடையாளங்கள்.

மருத்துவமனையில் இரவில் உடனிருப்போர் முறைவைத்து மாறிக்கொள்ளுங்கள். வீட்டில் வாரத்துக்கு ஓர் அரை நாளாவது மற்றோர் உறவினர் பொறுப்பேற்கட்டும். வெளிநாட்டில் உள்ளவர்கள் பணம் அனுப்புவதோடு, நாள்தோறும் ஒரு வேளை மருந்து நேரத்தைத் தொலைபேசியில் நினைவூட்டும் பொறுப்பையும் ஏற்கலாம். 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளும், தேவைப்படுவோருக்கு இயன்முறை மருத்துவமும் வலிதணிப்புச் சேவையும் இல்லத்திலேயே வழங்கப்படுகின்றன. உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்

மருத்துவர் மிகவும் களைத்துக் காணப்படுகிறார். அவரிடம் சிகிச்சை பெறலாமா?
பெறலாம். அவசர நிலையில் ஒருபோதும் தாமதிக்க வேண்டாம். மேற்கூறியவாறு உங்கள் மருந்துகளையும் ஒவ்வாமையையும் கூறி, அறிவுரையைத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவசரமற்ற அறுவை சிகிச்சையாயின் மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

மருத்துவரே உடற்பருமனாக உள்ளார். அவர் கூறும் உணவுக் கட்டுப்பாட்டை நான் ஏன் பின்பற்ற வேண்டும்?
அறிவுரையின் உண்மை அதனைக் கூறுபவரின் உடலைப் பொறுத்ததன்று. உப்பைக் குறைத்தால் இரத்த அழுத்தம் குறையும் என்பது எவர் கூறினும் உண்மையே.

என் மகள் செவிலியர். இரவுப்பணிக்குப் பின் நாங்கள் எவ்வாறு உதவலாம்?
அவர் வீடு திரும்பியவுடன் சமையலையும் வீட்டு வேலையையும் அவர்மீது சுமத்தாதீர்கள். அவருடைய பகல் உறக்கத்தை இரவு உறக்கமாகவே மதியுங்கள். 24 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பணியை முடித்து வாகனம் ஓட்டிய பயிற்சி மருத்துவர்களுக்கு விபத்து நேரும் வாய்ப்பு இருமடங்குக்கும் மேல் என 2005ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே இரவுப்பணி முடித்தவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியே இருசக்கர வாகனம் ஓட்டி வருவதைவிட, பேருந்தில் வருவதோ வீட்டார் அழைத்து வருவதோ நலம்.

அவர் ‘வாழவே பிடிக்கவில்லை’ என்று கூறுகிறார். என்ன செய்வது?
அதனைப் பணிச்சலிப்பு என ஒதுக்க வேண்டாம். தனியே விடாமல் உடனிருந்து, குறுக்கிடாமல் கேளுங்கள். 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மருத்துவரும் செவிலியரும் இவ்வுதவியைப் பெறுவதில் எவ்வித இழுக்கும் இல்லை.

உதவி எண்கள்

• அவசர மருத்துவ ஊர்தி: 108
• மருத்துவ ஆலோசனை மற்றும் புகார்: 104
• மனநல ஆலோசனை: 14416

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் உடல்நிலைக்கேற்ற சிகிச்சைக்கு மருத்துவரை நேரில் அணுகவும்.